சக்கர நாற்காலியில் அமர்ந்த மருத்துவர்: டாக்டர் மேரி வர்கீஸ்



நம் கொடைக்கானல் மலையின் குளிருக்கும் வேலூர் வெயிலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் தம் முதுமைக் காலத்தை நம் மலையில் 'ஹில் டாப்' என்னும் இல்லத்திலேதான் கழித்தார். 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கேயே இறைவனடி சேர்ந்தார். 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலோடு அவர் தொடங்கிய மருத்துவப் பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்த கதையை நம்மில் பலர் அறிவோம். ஆனால் நான் எழுத வந்தது அவரைப் பற்றியன்று. அவர் நட்ட மரத்தின் நிழலில் படித்த ஒரு மாணவியைப் பற்றி. அவர் பெயர் மேரி வர்கீஸ்.

அவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர் என் பெரியப்பா மகள். அக்கா வேலூரில் ஆக்குபேஷனல் தெரப்பி படிக்கிறார். தமிழில் இதனைத் தொழில்வழிச் சிகிச்சை என்கிறார்கள். பெயரைக் கேட்டவுடன் எங்கள் வீட்டில் எல்லோரும், நோயாளிகளுக்கு வேலை வாங்கிக் கொடுக்கும் படிப்பு என்றே நினைத்துக்கொண்டோம். அது தவறு என்பதை நாங்கள் அறிந்துகொண்டதே ஒரு தனிக்கதை.

எங்கள் ஊர் பூம்பாறை. மலைப்பூண்டுக்குப் பெயர் போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் அப்பத்தா அதனைத் தமக்கே கிடைத்த பரிசு போலக் கொண்டாடினார். அந்த அப்பத்தாவுக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்று நாங்கள் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டோம். அம்மா சோறு ஊட்டிவிடுவார். சித்தி தலை வாரிவிடுவார். நான் சால்வையைப் போர்த்திவிடுவேன். அப்பத்தா ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. ஆனால் நாளுக்கு நாள் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நோயின் காரணம் என்றே எண்ணினோம்.

விடுமுறைக்கு வந்த அக்கா இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு முறத்தில் நாலைந்து பூண்டை எடுத்துவந்து அப்பத்தாவின் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. படுத்த படுக்கையிலிருந்து எழுந்தவரிடம் வேலை வாங்குவதா என்று சத்தம் போட்டார். அப்பத்தாவோ முறத்தை இடக்கையால் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றிரவு அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டே அக்கா எனக்கு டாக்டர் மேரி வர்கீஸின் வரலாற்றைச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

மேரி 1925ஆம் ஆண்டில் கொச்சியை அடுத்த செராய் என்னும் கடற்கரைச் சிற்றூரில், வசதி படைத்த சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர். தந்தையார் ஊரிலும் ஆலயத்திலும் மதிப்புப் பெற்றவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்த பின், 1946இல் மருத்துவம் பயில வேலூர் வந்தார். பட்டம் பெற்றுப் பயிற்சி மருத்துவராக அங்கேயே பணியில் சேர்ந்தார். மகளிர் நோய் மருத்துவத்தில் சிறந்து விளங்க வேண்டும் என்பது அவர் கனவு. அந்நாளில் ஆண் மருத்துவரிடம் செல்லக் கூசிய பெண்கள் எத்தனையோ பேர். ஐடா அம்மையார் மருத்துவம் படிக்க முடிவு செய்ததும் அத்தகைய பெண்களின் மரணத்தைக் கண்டுதானே! ஆகவே அந்தக் கல்லூரி மாணவிக்கு இந்தக் கனவு இயல்பானது.

1954 ஜனவரி 30ஆம் நாள். இளம் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வேனில் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். வழியில் வேன் கவிழ்ந்தது. மேரிக்கு முகத்தில் கொடிய காயம். கன்னத்தில் வாழ்நாள் முழுவதும் மறையாத தழும்பு. அதைவிடக் கொடியது முதுகுத் தண்டில் பட்ட அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. வயது இருபத்தெட்டு.

முதுகுத் தண்டுவடம் என்பது மூளையிலிருந்து உடலுக்குச் செல்லும் செய்திக் கம்பி போன்றது. அது நசுங்கினால் அந்த இடத்துக்குக் கீழே உள்ள உறுப்புகளுக்குக் கட்டளை போகாது. அவற்றின் வலியும் மேலே வராது. அறுந்த கம்பியை ஒட்டவைக்கும் மருத்துவம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கால் அசையாதது மட்டும் துன்பம் என்று நாம் நினைக்கிறோம். அது பாதித் துன்பமே. சிறுநீரும் மலமும் நம் வசத்தில் இல்லாமற் போகும். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் தோல் புண்ணாகி எலும்பு வரை போகும். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. அந்தக் காலத்தில் இப்படி அடிபட்டவர்களில் பலர், அடிபட்டதால் அன்று, இந்தப் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகக் கோளாறாலும் மாண்டார்கள். தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது மருத்துவரான மேரிக்கு மற்றவரைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். படித்திருப்பதும் சில சமயம் ஒரு பாரந்தான்.

அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. மாதங்கள் ஓடின. படுக்கையில் கிடந்தவரிடம் ஒருநாள் டாக்டர் பால் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். பிராண்ட் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் முறையாகப் பயின்றவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று உலகுக்குக் காட்டியவர். அவர் சொன்ன யோசனை இதுதான்: கை அறுவைச் சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்தபடியே செய்யலாம், மேரிக்குக் கைகள் நன்றாகவே இருக்கின்றன, ஆகவே மேரி கை மருத்துவர் ஆகலாம்.

கேட்கும்போது எளிது. எழுந்து உட்காரவே பிறர் துணை வேண்டிய ஒருவர் அறுவை அரங்குக்குள் போவதென்றால்! ஆனால் மேரி போனார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தக் கற்றார்.

அந்த அறுவையைப் பற்றி அக்கா சொன்னதை நான் வியப்போடு கேட்டேன். நம் கையில் 27 எலும்புகள் உள்ளன. விரலை மடக்கும் தசைகளிற் பல கையில் இல்லை, முழங்கைக்குக் கீழே முன்கையில் உள்ளன. அங்கிருந்து நரம்பு போன்ற நாண்கள் விரல் வரை ஓடுகின்றன, பொம்மலாட்டக்காரனின் கயிறு போல. தொழுநோய்க் கிருமி நரம்புகளைக் கெடுக்கும்போது சில தசைகள் செயலிழந்து விரல்கள் பருந்தின் நகம் போல் வளைந்துவிடும். கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொள்ளாது. மருத்துவர் என்ன செய்கிறார்? மோதிர விரலை மடக்கும் நாண்கள் இரண்டு உண்டு. ஒன்று போனாலும் மற்றது சமாளிக்கும். ஆகவே ஒன்றைப் பிரித்தெடுத்துக் கட்டைவிரலில் கொண்டுபோய்ப் பொருத்துகிறார். சில வாரங்கள் மாவுக்கட்டு. பிறகு கட்டைப் பிரித்தால் கை சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. மூளைக்கு இந்த மாற்றம் தெரியாதே! நோயாளி கட்டைவிரலை அசைக்க முயன்றால் ஒன்றும் நடக்காது. மோதிர விரலை மடக்கு என்றால் கட்டைவிரல் அசையும்! அவரே திடுக்கிட்டுப் போவார். அந்தக் கணத்திலிருந்து மூளைக்குப் புதுப்பாடம் சொல்லித்தர வேண்டும். குண்டூசியை எடு, பொத்தானைப் போடு, தம்ளரைப் பிடி என்று நூறு முறை, ஆயிரம் முறை. கத்தி செய்யும் வேலை ஒன்றிரண்டு மணி நேரம். மீதி வேலை மாதக்கணக்கில். அந்த மீதி வேலைதான் எங்கள் அக்கா படிக்கும் படிப்பு.

பிராண்டுக்கும் இது அனுபவத்தால் விளங்கிய உண்மை. விரல் நிமிர்ந்து வீடு சென்ற நோயாளிகள் சிலர் வாடிய முகத்தோடு திரும்பிவந்தார்கள். மடங்கிய கையை நீட்டியபோது பிச்சை விழுந்தது. நல்ல கையை நீட்டினால் யார் போடுவார்கள்? தொழுநோய்த் தழும்பு இருப்பதால் வேலையும் கிடைக்கவில்லை. கை கிடைத்தும் அந்தக் கைக்குத் தொழில் இல்லை. இதற்காகவே 1951இல் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. சீர்ப்படுத்திய கைகளைக் கொண்டு மரப் பொம்மை முதலியவற்றைச் செய்ய அங்கே பயிற்சி தரப்பட்டது. பிராண்ட் தாம் இளமையில் கற்ற தச்சு வேலையைத் தாமே சொல்லிக்கொடுத்தார். உணர்ச்சியற்ற கையைக் காப்பதும் அங்கே ஒரு பாடம். சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் சுடாது. ஆகவே தோல் செய்யாத வேலையைக் கண் செய்ய வேண்டும். இரவில் சிலர் விரல் நுனி காணாமற் போவது எப்படி என்று தெரியாமல் விழித்தனர். காத்திருந்து பார்த்தபோது எலி கடிப்பது தெரிந்தது. வலி இருந்தால்தானே விழிப்பார்கள்! அது முதல் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். பூனையும் ஒரு மருந்து என்பதை எந்தப் பாடநூல் சொல்லும்?

நற்செய்தியில் நம் ஆண்டவர் தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய ஒருவரை நடுவே நிற்கச் சொல்லி, கையை நீட்டச் செய்து குணமாக்கிய நிகழ்ச்சியை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். மறுநாள் காலை அந்த மனிதர் அந்தக் கையால் முதலில் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். நான் கேட்டதற்கு எங்கள் சிஸ்டர் சிரித்தார்கள். ஆனால் கேள்வி தவறு என்று சொல்லவில்லை.

மேரி சக்கர நாற்காலியில் வார்டுக்குள் வரும்போது நோயாளிகளிடம் ஒரு மாற்றம் ஏற்பட்டது. அதுவரை அவர்களுக்கு மருத்துவர் என்பவர் முழு உடலோடு மேலே நின்று குனிந்து பார்ப்பவர். இவரோ அவர்கள் கண் உயரத்தில் இருந்தார். தங்களைவிட அதிகம் இழந்தவர் ஒருவர் தங்கள் கையைப் பிடித்துப் பார்க்கிறார் என்பதே அவர்களுக்குப் புது ஊக்கமாயிற்று. முகத்துத் தழும்பும் அசையாத கால்களும் ஒரு மருத்துவரின் கருவிகளாக மாறின என்றே சொல்ல வேண்டும்.

இத்துடன் நின்றிருந்தாலும் அவர் வாழ்வு சிறப்பானதே. ஆனால் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. கத்தி பிடிக்கத் தெரிந்த அந்த மருத்துவருக்கு உடை உடுத்தவும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் பிறர் துணை தேவைப்பட்டது. அதைக் கற்பிக்க அன்று நம் நாட்டில் இடம் இல்லை. எனவே அவர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர மருத்துவமனைக்குச் சென்றார். மருத்துவராக அன்று, நோயாளியாக.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்க்கு அத்தகைய இடங்களில் கற்பிப்பவை யாவை? படுக்கையில் தானாகப் புரள்வது. கைகளை ஊன்றி எழுந்து உட்கார்வது. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, தடையைப் போட்டு, தோள் வலிமையால் உடலைத் தூக்கி அதற்கு மாறுவது. உணர்ச்சியில்லாத காலைக் கையாலேயே எடுத்து உடைக்குள் நுழைப்பது. கால் மணிக்கு ஒருமுறை உடலைச் சற்று உயர்த்தி அழுத்தம் நீக்குவது. கண்ணாடி கொண்டு முதுகையும் இடுப்பையும் நாள்தோறும் பார்த்துக்கொள்வது. சிறுநீரை நேரம் வைத்துக் கழிப்பது. நாம் மூன்று நான்கு வயதுக்குள் தாயின் மடியில் கற்றுக்கொண்டவற்றை ஒருவர் முப்பது வயதில் மறுபடியும் முதலிலிருந்து கற்பதென்றால் எத்தனை பொறுமை வேண்டும்! செவிலியர் பத்து நிமிடத்தில் உடுத்திவிடும் உடையைத் தானே உடுத்த முதலில் ஒரு மணி நேரம் ஆகலாம். கற்பிப்பவர் அந்த ஒரு மணி நேரமும் பக்கத்தில் கைகட்டி நிற்க வேண்டும். அதுதான் கடினம் என்கிறார் அக்கா. மாணவிகளுக்கு முதலில் கைதான் பரபரக்குமாம், உதவி செய்துவிட.

இங்கே அக்காவின் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இது நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பட்டப்படிப்பு. முதலாண்டில் உடற்கூறும் உடலியங்கியலும் மருத்துவ மாணவர் போலவே படிக்க வேண்டும். உடல் எப்படி அசைகிறது என்பதற்கு ஒரு பாடம், மனம் எப்படி அசைகிறது என்பதற்கு உளவியல். பிறகு நரம்பு நோய்கள், எலும்பு முறிவுகள், மனநோய், குழந்தை வளர்ச்சி என்று நீளும். இவற்றோடு இன்னொரு பாடம், செயலைப் பிரித்துப் பார்த்தல். காப்பி குடிப்பது ஒரு செயல் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் அதனை எழுதினால் ஒரு பக்கம் வரும். தோள் முன்னால் வர வேண்டும். முழங்கை நீள வேண்டும். விரல்கள் தம்ளரின் அளவுக்கு விரிய வேண்டும். சூடு தெரிய வேண்டும். எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்ற கணக்கு வேண்டும். சிந்தாமல் தூக்க வேண்டும். உதடு மூட வேண்டும். இதில் எந்தப் படி அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் மட்டும் கை கொடுக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, நோயாளியின் கையின் மேல் வைத்து, ஆறுவதற்குள் வடிவம் கொடுத்து, விரலைத் தாங்கும் பட்டை செய்யவும் கற்கிறார்கள். அக்கா செய்த முதல் பட்டை அழுத்தித் தோல் சிவந்துவிட்டதாம். நல்லவேளை, அது தோழியின் கை! ஒருநாள் முழுதும் மாணவிகள் ஒற்றைக் கையால் ஜடை பின்னி, உடை உடுத்தி வரவேண்டும் என்றும் பயிற்சி உண்டு. சக்கர நாற்காலியில் அமர்ந்து வளாகத்தைச் சுற்றிவர வேண்டும். அன்றுதான் வாசற்படி என்பது ஒரு சுவர் என்று தெரிந்தது என்றார் அக்கா.

தோழியரே, நீங்களும் ஒருநாள் வலக்கையைக் கட்டிக்கொண்டு ஒரு பூண்டு உரித்துப் பாருங்கள். நான் பார்த்தேன். ஒன்பது நிமிடம் ஆயிற்று.

இந்தத் துறை நம் நாட்டுக்கு வந்த வரலாறும் சுவையானது. அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்தியப் பெயரையும் ஏற்ற கமலா நிம்ப்கர் அம்மையார் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதனைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அக்கூட்டமைப்பில் நாம் பின்னால் போய்ச் சேர்ந்தவர்கள் அல்லர்.

மேரிக்குத் திரும்புவோம். தாம் பெற்ற பயிற்சி தமக்கு மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியது. ஒரு கையைச் சீர்ப்படுத்துவது ஒரு பணி. கையும் காலும் மனமும் வீடும் சேர்ந்த முழு மனிதரை மறுபடி வாழவைப்பது வேறு பணி. அதனை முறையாகக் கற்க உதவித்தொகை பெற்று நியூயார்க் சென்றார். அங்கே டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் என்பவர் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையம் புகழ் பெற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானப்படை வீரர்கள் வெறுமனே படுத்திருப்பதால் இன்னும் நலிவதைக் கண்டு இந்தத் துறையில் இறங்கியவர் ரஸ்க். மருத்துவர், இயன்முறைச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், செயற்கைக் கால் செய்பவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு நோயாளிக்காகத் திட்டமிடுவது அங்கே வழக்கம். சக்கர நாற்காலியில் தனியாகக் கடல் கடந்து போய், அந்நிய நாட்டுக் குளிரில், தேர்வுகளும் எழுதினார் மேரி. முழு உடம்போடு இருந்தும் திண்டுக்கல்லுக்குத் தேர்வு எழுதப் போகவே எனக்குத் துணை வேண்டும்.

நாடு திரும்பிய அவர் 1963இல் வேலூர் மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். ஆனால் நோயாளிகள் தங்கிப் பயில இடம் வேண்டுமே! மருத்துவமனைக் கட்டிலில் ஒருவரை ஆறு மாதம் வைத்துக்கொள்ள முடியாது. அவரது முயற்சியால் 1966ஆம் ஆண்டு, வேலூரை அடுத்த பாகாயத்தில், தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது அது.

மேல்நாட்டில் கற்றதை அப்படியே இங்கே நட முடியாது. அங்கே மேசையில் உண்டு, கட்டிலில் உறங்கி, வீட்டுக்குள்ளேயே குளிப்பவர்கள். இங்கே தரையில் அமர்ந்து கையால் பிசைந்து உண்பவர்கள், பாயில் படுப்பவர்கள், குடிசைக்கு வெளியே கழிப்பிடம் தேடிப் போகிறவர்கள். நோயாளிகளிற் பலர் பனையிலிருந்து விழுந்தவர்கள், கிணற்று வேலையில் அடிபட்டவர்கள், சுமை தூக்கியவர்கள். அவர்களுக்குச் சக்கர நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கவும் தரையிலிருந்து ஏறவும் கற்பிக்க வேண்டும். உட்கார்ந்தபடி செய்யும் தொழில் ஒன்றும் வேண்டும். வீட்டு வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவு அமைக்க வேண்டும். அக்காவும் தோழிகளும் வீட்டுக்கே சென்று கதவின் அகலத்தையும் வாசற்படியின் உயரத்தையும் அளந்து எழுதுவார்களாம். பிரசங்கத்தைவிட அளவுநாடா அதிகம் உதவும் இடம் அது.

நம் மலையில் இதனை எண்ணிப் பார்க்கிறேன். பூம்பாறையில் சமதரை என்று எதைச் சொல்வது? வீடுகள் படிக்குமேல் படியாக, வயல்கள் தட்டுத்தட்டாக. எங்கள் வீட்டுக்குப் பாதையிலிருந்து பதினான்கு படி. பக்கவாதத்துக்குப் பின் அப்பத்தா அந்தப் படிகளில் இறங்கவே இல்லை. இரண்டு வீடு தள்ளியிருக்கும் தம் தங்கையைக் காணாமல் எட்டு மாதம் இருந்தார். நாங்கள் யாரும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. அவருக்கு வேளாவேளைக்குச் சோறு வந்ததே என்று இருந்துவிட்டோம். அக்கா ஊருக்குப் போகுமுன் அப்பாவிடம் சொல்லிப் படிகளின் இடப்பக்கம் மூங்கில் கைப்பிடி ஒன்று கட்டவைத்தார். ஏன் இடப்பக்கம் என்றால், இறங்கும்போது அப்பத்தாவின் நல்ல கை இருக்கும் பக்கம் அது. ஏறும்போது? அதற்காக மறுபக்கமும் ஒன்று கட்ட வேண்டியதாயிற்று. இதைப் போய்ப் படிப்பதற்குக் கல்லூரியா என்று அப்பா கேட்டார். இத்தனை மாதம் நம்மில் யாருக்கும் தோன்றவில்லையே என்று அக்கா பதில் சொன்னார்.

டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1972இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அமெரிக்க எழுத்தாளர் டோரத்தி கிளார்க் வில்சன் அவர் வாழ்க்கையை நூலாக எழுத, அது பல நாட்டவர் கைக்கும் சென்றது. அவர் துறையைப் பல ஆண்டுகள் நடத்தி, தமக்குப் பின் நடத்தத் தக்கவர்களையும் உருவாக்கிவிட்டு ஓய்வு பெற்றார். விருதுகளைப் பற்றி இவ்வளவு போதும். முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவர் முப்பதாண்டுக்கு மேல், அதுவும் உழைத்துக்கொண்டே, வாழ்ந்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த முப்பது ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் காலையில் அவர் தம் உடம்பைக் கையால் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டுதான் பணிக்குச் சென்றிருக்க வேண்டும். அந்தச் செயல் எந்த விருதுப் பட்டியலிலும் வராது. 1986 டிசம்பரில் அவர் காலமானார்.

பாகாயத்து நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே பயின்று ஊர் திரும்பியவர்கள் மறுபடி ஒன்றுகூடும் விழாவை ரிஹாப் மேளா என்கிறார்கள். சக்கர நாற்காலிப் பந்தயமும் பாட்டும் விளையாட்டுமாக இருக்குமாம். புண் வந்திருக்கிறதா, சிறுநீரகம் நலமா என்று அந்தச் சாக்கில் மருத்துவர்கள் பார்த்துவிடுவார்கள். அக்காவுக்கு அடுத்த ஆண்டு அங்கே பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நானும் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். டாக்டர் படிப்பு என்றால் படிக்கவைப்பேன் என்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனபோது அப்பத்தா படியிறங்கித் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். முறம் திண்ணையில் இருந்தது. உரித்த பூண்டு முப்பத்தொரு பல். அம்மாவே எண்ணி வைத்திருந்தார்.